மரம் வளர்ப்போம்: பனை – விதையிலிருந்து வடலி வரை



நம்மில் பலருக்கு வன்னியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோதும், 1977, 1983 கலவரங்களிலும் மலையை விட்டு இறங்கி, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம் போன்ற ஊர்களில் இன்றும் மலைநாட்டு வழிவந்த குடும்பங்கள் வாழுகின்றன. தை மாதத்தில் அங்கிருந்து வருகிறவர்கள் பனங்கிழங்குக் கட்டோடுதான் வருவார்கள்.

யுத்த காலத்தில் வன்னியிலே பெருந்தொகையான பனைகள் அழிந்தன. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றி தறிக்கப்பட்டது. ஷெல் விழுந்து தலை போன பனைகள் வெறும் கம்பமாக நின்றன. 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய மக்களும் பாடசாலைகளும் பொது அமைப்புகளும் குளக்கட்டிலும் வீதியோரத்திலும் காணி எல்லையிலும் மறுபடி பனை விதைத்து வருகிறார்கள். அங்கே காணி வைத்திருக்கும் உறவுகளுக்கும், அங்கே போய்க் குடியேற நினைப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். தேயிலை தெரிந்தவர்களுக்குப் பனையை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. தேயிலையோடு ஒப்பிட்டே பார்ப்போம்.

1. பனைக்குத் தண்டு நடுகை இல்லை

நமது தோட்டங்களில் இரண்டு வகைத் தேயிலை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய மலைகளில் இருப்பது விதைத் தேயிலை. பக்கத்துப் பக்கத்துச் செடி கூட ஒன்றுபோல் இருக்காது. பின்னால் வந்தது வீ.பி. தேயிலை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்றவை தண்டு வெட்டி நர்சரியில் வைத்து வளர்த்தவை. தாய்ச்செடி எப்படியோ அப்படியே பிள்ளையும்.

பனையில் இது நடக்காது. பனைக்குக் கிளை இல்லை, பக்க முளை இல்லை. உச்சியில் இருப்பது ஒரே ஒரு குருத்து. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் மறுபடி தளிர்க்கும். பனையின் தலையை வெட்டினால் மரமே செத்துப் போகும். ஷெல் பட்ட பனைகள் திரும்பத் தளிர்க்காததும் இதனால்தான். ஆகவே பனையைப் பெருக்க விதை ஒன்றுதான் வழி.

இன்னொரு விசயம்: ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவில் சேர்ந்துதான் காய் பிடிக்கும். எனவே எந்தப் பனங்கொட்டையும் இரண்டு மரங்களின் கலப்புத்தான். நல்ல பெரிய பழம் தருகிற மரத்தின் கொட்டையை எடுப்பது நல்லது. ஆனால் பிள்ளையும் அப்படியே வரும் என்று எவரும் உறுதி தர முடியாது.

2. விதை எடுப்பதும் ஊன்றுவதும்

பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். தானாக விழுந்த பழத்தையே பொறுக்க வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். களி எடுத்துப் பனாட்டுப் போடுகிறவர்கள் போடலாம், கொட்டை கெடாது. களி எடுக்காவிட்டால் பழத்தை நிழலில் குவித்து, சதை அழுகியதும் கழுவி எடுங்கள். வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்த பழைய கொட்டையை நம்ப வேண்டாம்.

வன்னியில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதற்கு முன், புரட்டாசிக்குள் ஊன்றி முடித்துவிட வேண்டும். செய்யும் முறை இது:

அ. மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மண் இறுக்கமாக இருந்தால் அலவாங்கால் அடியையும் இளக்கிவிடுங்கள்.

ஆ. இளக்கிய மண்ணால் குழியைத் திரும்ப நிரப்பி, இரண்டு அல்லது மூன்று கொட்டைகளை வையுங்கள். மேலே நான்கு விரல் மண் போதும்.

இ. குழிக்குக் குழி 10 அடி விடுங்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் மிகக் கிட்ட வேண்டாம். பின்னாளில் பழமும் காவோலையும் தலையில் விழும்.

ஈ. ஒவ்வொரு குழியிலும் ஓர் அடையாளக் கம்பு நடுங்கள். ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

3. முளை கீழே போகிறது

நெல்லும் பயறும் முளைத்தால் சில நாளில் பச்சை தெரியும். பனை அப்படி இல்லை. ஒன்றரை, இரண்டு மாதத்தில் கொட்டையிலிருந்து குழாய் போன்ற முளை வெளிவந்து நேரே கீழே இறங்கும். ஒரு முழம், சில இடங்களில் அதற்கும் மேலாக ஆழம் போகும். அங்கே போய்த்தான் வேரும் குருத்தும் உண்டாகின்றன. கொட்டைக்குள் இருக்கும் உணவு எல்லாம் கீழே இறங்கிச் சேர்கிறது. அதைத்தான் நாம் பனங்கிழங்கு என்று பிடுங்கித் தின்கிறோம். முளைத்த கொட்டைக்குள் இருக்கும் மெதுவான பூரானைப் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். எல்லாம் முடிந்து மிஞ்சும் கோதுதான் ஊமல்.

முதல் ஓலை மண்ணுக்கு மேல் தெரிய ஒரு வருஷம் வரை ஆகலாம். "முளைக்கலையே" என்று கிண்டிப் பார்க்காதீங்க. கிண்டினால் முளை முறிந்து போகும். அடையாளக் கம்பு எதற்கென்று இப்போது விளங்கும்.

குருத்து ஆழத்தில் இருப்பதால் ஒரு பெரிய நன்மை உண்டு. காட்டுத் தீ வந்தாலும், மாடு ஓலையைக் கடித்தாலும், வறட்சியில் மேல் மண் வெடித்தாலும் சிறு வடலி தப்பிக்கொள்ளும். ஆனால் இதே காரணத்தால் இடம் மாற்றி நடுவதை அது பெரும்பாலும் தாங்காது. தேயிலை நாற்று மாதிரி சின்னப் பையில் வளர்த்துக் கொண்டுபோய் வைக்கலாம் என்று நினைக்காதீங்க. பனைக்கு ஊன்றின இடமே வீடு.

4. கிழங்குப் பாத்தி வேறு, மரம் வேறு

"தென்னையை வைத்தவன் தின்னுட்டுச் சாவான், பனையை வைத்தவன் பாத்துட்டுச் சாவான்" என்று சொல்லுவாங்க. பனை பாளை விட 12 முதல் 20 வருஷம் வரை ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை வெறும் கையோடு இருக்க வேண்டியதில்லை.

பொறுக்கிய கொட்டையில் ஒரு பங்கை மரத்துக்கு ஊன்றுங்கள். மீதியைக் கிழங்குப் பாத்தியில் போடுங்கள். மணல் கலந்த மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடினால், நான்கு மாதத்தில், தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு வரும். அவித்துத் தின்னலாம், விற்கலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஐந்தாறு வருஷத்தில் வடலி ஓலை வேலிக்கும் பெட்டி, பாய் பின்னவும் உதவும். பனைத் தொழிலுக்கென்றே 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

5. ஆணா, பெண்ணா?

பாளை வரும் வரை பார்த்துச் சொல்ல வழி இல்லை. கொட்டையின் உருவத்தை வைத்துச் சொல்லுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். "பெண்பனை விதை", "சீக்கிரம் காய்க்கும் கலப்பினப் பனை" என்று யாராவது விற்றாலும் அப்படியே.

தென்னையில் கலப்பினம் உண்டு என்பது மெய். லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் நெட்டையையும் குட்டையையும் கலந்து உண்டாக்கியது அது. ஆனால் அந்தக் கலப்பை ஒவ்வொரு தரமும் புதிதாகச் செய்ய வேண்டும். கலப்பினத் தென்னையில் பிடுங்கிய தேங்காயை முளைக்க வைத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது.

பனைக்கு நல்ல உபாயம், கூடுதலாக ஊன்றுவதுதான். ஒரு கணக்குப் பாருங்க: கால் ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் சுற்றெல்லை சுமார் 417 அடி. 10 அடிக்கு ஒன்று வைத்தால் 41 மரம். பாதி பெண்ணாக வந்தாலும் 20 மரம் காய்க்கும். ஆண்பனையும் வீண் இல்லை. அதன் பாளையிலும் கருப்பநீர் இறக்கலாம், ஓலையும் கிடைக்கும். ஆண் இல்லாவிட்டால் பெண் காய்க்கவும் மாட்டாது.

6. நம்ம மலையில் பனை வருமா?

நுவரெலியா, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,870 மீற்றர். தை, மாசியில் விடியற்காலை உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். பனைக்குச் சூடு வேண்டும். அந்தக் குளிரில் அதன் ஒற்றைக் குருத்துக்குப் பிழைப்பில்லை.

குளிர் தாங்கும் பனை இனங்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. சீனாவின் விசிறிப்பனை ஒன்று வெண்பனிக் காலத்தையும் தாங்கும். குளிர் நாடுகளில் தென்னமெரிக்கப் பனை இனங்கள் இரண்டைக் கையால் கலந்து, கோவேறு கழுதைப் பனை என்ற அர்த்தமுள்ள பெயரில் ஒன்றை வளர்க்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடி அது பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. அதெல்லாம் அழகுக்கு வைக்கும் மரம், அடுப்பெரிய உதவாது.

நம் பக்கத்துக்கு ஏற்றது கித்துள்தான். கண்டி, கேகாலை, இரத்தினபுரி, பதுளைப் பக்கத்து நடு உயரத் தோட்டங்களில் தானாகவே வளருகிறது. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வருவதால் ஆண், பெண் கவலை இல்லை. பழச் சதை பட்டால் கை அரிக்கும். கையுறை போட்டுக் கழுவுங்கள். முளைக்கச் சில மாதம் எடுக்கும். சின்ன நாற்றாக இருக்கும்போதே பையிலிருந்து எடுத்து நடலாம்.

7. ஊன்றும் முன் மூன்று விசயம்

முதலாவது, காணி. வன்னியில் வருஷக்கணக்காகக் குடியிருந்தும் பத்திரம் கிடைக்காத மலைநாட்டுக் குடும்பங்கள் உண்டு. பனை வரிசை எல்லையைக் காட்டும். நீண்ட நாள் இருப்பைக் காட்டும். ஆனால் அது பத்திரத்துக்கு ஈடாகாது. கிராம அலுவலர், பிரதேச செயலகம் மூலம் அனுமதிப்பத்திர வேலையையும் கூடவே பாருங்கள். எல்லையில் ஊன்றும்போது பக்கத்துக் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, கண்ணிவெடி. வெடி அகற்றும் பணி முடியாத இடங்கள் உண்டு. அபாயப் பலகை நிற்கிற காணிக்குள் பழம் பொறுக்கவும் போகாதீங்க, பிள்ளைகளையும் விடாதீங்க.

மூன்றாவது, நிற்கிற மரம். பலாவைப் போலவே பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் 2021இல் 76 இலட்சம் பனை விதை கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தபோது, பனை தறிக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று சொன்னது. புது வடலி பாளை விட 20 வருஷம் ஆகலாம் என்றால், நிற்கிற ஒரு மரத்தின் பெறுமதி என்ன என்று யோசியுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க:

– வன்னியில் உள்ள நம் உறவினரின் காணியில் எத்தனை பனை நிற்கிறது? எத்தனை பெண்?
– அந்தக் காணிக்கு அவர்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது?
– வருகிற ஆவணியில் கொட்டை பொறுக்க யார் யார் போகலாம்?

ஆவணிக்கு முன் உறவுகளுக்கு ஒரு கடிதம் போடுங்கள், அல்லது டெலிபோனில் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பினாலும் நல்லதுதான். கொட்டைக்குக் காசு வேண்டாம், மழைக்கு முந்தி ஒரு நாள் வேலை போதும்.