வயிற்றுப் பிள்ளைக்குச் சைவம் போதுமா?

கறி, மீன் புழங்காத வீட்டில் மகள் முழுகாமல் இருந்தால் அம்மாக்களுக்கு வரும் கவலை இது. போதும். ஆனால் எதை எதோடு சேர்க்க வேண்டும், எதை எதிலிருந்து விலக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதல் பரிசோதனையிலேயே "நான் சைவம்" என்று சொல்லிவிடுங்கள். பால், தயிரும் தொடாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். வைட்டமின் பி12 கீரையிலோ பருப்பிலோ கிடையாது. பால் ஓரளவு தரும். அதுவும் இல்லையென்றால் மாத்திரைதான் வழி. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும்.

• முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள். நெல்லிக்காய், கொய்யா சேருங்கள். செடிகளிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும்.

• வேளைக்கு ஒரு பருப்பு வகை இருக்கட்டும்: அடை, சுண்டல், பாசிப்பயறு, கெட்டியான சாம்பார்.

• சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், பால். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

• சத்து மாத்திரையை விடாதீர்கள். அரசுத் திட்டத்தில் தரப்படும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள், பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள்.

• பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

செய்யக்கூடாதவை

• சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

• இரும்பு மாத்திரையைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே 2 மணி நேரம் வேண்டும்.

• மலம் கறுப்பாகப் போகிறதே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது இரும்பின் நிறம். மலச்சிக்கல், குமட்டல் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

• முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்னாதீர்கள், கிருமி இருக்கலாம். வேகவைத்தே சாப்பிடுங்கள். பாலையும் காய்ச்சியே குடியுங்கள்.

• "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று சோற்றை மலையாகக் குவிக்காதீர்கள். கூட்ட வேண்டியது பருப்பும் காயும்.

• பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூவில் காசைக் கரைக்காதீர்கள். அந்தக் காசுக்குப் பாலும் பழமும் வாங்கலாம்.

• பச்சைக் குழந்தையின் நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதையும் வைக்காதீர்கள்.

• பத்தியம் என்ற பெயரில் பெற்றவளுக்குக் கீரையையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில்தான் அவளுக்குப் பசி அதிகம்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. சைவமோ அசைவமோ, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.