ஈய மணலிலும் பால்மரச் சரிவிலும் புல்தரை

கிந்தாப் பள்ளத்தாக்கில் வீட்டு முற்றத்துப் புல் கருகினால் வெயிலின் மேல் பழி போடுவதே வழக்கம். ஆயினும் அருகு, சோய்சியா, கடைகளில் கவ் கிராஸ் என்ற பெயரில் விற்கப்படும் அகல இலைப் புல் ஆகிய மூன்றும், ஏறத்தாழ 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் செழிப்பவை. காற்றிலுள்ள கரியமில வாயுவை முதலில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிடித்து வைத்து, இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே உணவு செய்துகொள்ளும் திறன் இவற்றுக்கு உண்டு என்பதால், ஈப்போவின் பகல் வெப்பம் இவற்றுக்கு உகந்ததே. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் ஊரில் நீர்க்குறைவையும் பெரிய காரணமாகச் சொல்ல இயலாது. இப்பகுதியில் புல்தரை வளர்த்துப் பழகியோரின் அனுபவம் காட்டும் காரணம் நிலத்தின் முன்கதைதான்: வீடு எழும்புவதற்கு முன் அங்கே ஈயச் சுரங்கம் இருந்ததா, பால்மரத் தோட்டம் இருந்ததா என்பதைப் பொறுத்தே எந்தப் புல் நிலைக்கும், எது மடியும் என்பது அமைகிறது.

சுரங்க நிலத்தின் தன்மையை அறிய, தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய ஈயக் கப்பலின் வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அது மண்ணை வாரி, கழுவி, ஈயத்தைப் பிரித்த பின் எஞ்சியதைப் பின்புறமாகக் கொட்டியபோது, கனத்த மணல் ஓரிடத்தில் குவிய, நுண்ணிய களிச்சேறு தாழ்ந்த இடங்களுக்கு ஓடியது. மணல் குவிந்த இடத்தில் களியும் மக்கும் இல்லாமையால் நீரும் உரமும் நிற்பதில்லை. சேறு படிந்த இடத்தில் நீர் வடிவதே இல்லை. மணல் நிலத்தில் முழு வெயில் விழுமானால் அருகும் சோய்சியாவும் நன்கு வரும். ஆனால் புல்லை விரிக்கும் முன், மக்கிய செம்பனை வெறுங்குலையையும் நன்கு ஆறிய கோழி எருவையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்துவிடுவது கட்டாயம். உரத்தையும் ஒரே தடவையில் அள்ளிக் கொட்டாமல், சிறுசிறு அளவாகப் பிரித்து இடுவதே பலன் தருகிறது; ஒரு பெருமழை போதும், மொத்தமாக இட்டது வேருக்குக் கீழே கரைந்து போய்விடும். சேற்று நிலத்தில் வடிகால் வெட்டாமல் எந்தப் புல்லை நட்டும் பயனில்லை.

பால்மரச் சரிவின் கதை இதனினும் நீண்டது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளுக்குப் பின், பேராக்கின் குன்றுச் சரிவுகள் பல தோட்டங்களாக மாறின. தொடக்ககாலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இல்லாதபடி சுரண்டி எடுப்பதே நல்ல பராமரிப்பு எனத் துரைமார் கருதியதால், மழை அந்த வெற்றுத் தரையின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகே பியூராரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரைக் குடும்பக் கொடிகளை நிலப்போர்வையாகப் படரவிடும் முறை பரவியது. அத்தகைய சரிவை இயந்திரங்கள் வெட்டிச் சமப்படுத்தி வீடுகளாக்கும்போது, எஞ்சிய மெல்லிய மேல்மண்ணும் புதைந்து, புளிப்புத்தன்மை மிக்க செம்மண் மேலே வந்துவிடுகிறது. இங்கே கவ் கிராஸே ஏற்றது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இப்புல், ஓடுதண்டுகளால், அதாவது தரைமேல் ஊர்ந்து கணுதோறும் வேர்விடும் தண்டுகளால், பரவி, புளித்த மண்ணையும் ரம்புத்தான், மாமர நிழலையும் தாங்கிக்கொள்கிறது. இதே இடத்தில் அருகை நட விரும்புவோர் சுண்ணாம்புத் தூள் இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும், நிழல்தரும் கிளைகளையும் கழிக்க வேண்டும். அவ்வளவு செய்தும் நிழல் விழும் பக்கத்தில் அது மெலிந்தே போகும். பிள்ளையாருக்கு உகந்தது என்பதற்காகவே அருகை முற்றம் முழுவதும் பரப்ப முனைவோர் உண்டு. வெயில் படும் ஒரு மூலையை அதற்கு ஒதுக்குவது நல்லது. நிலத்தில் பால்மரக் கட்டைகள் புதைந்திருந்தால், அவை உளுக்கும் காலத்தில் புல்லுக்கிடையே காளான்கள் முளைக்கும், தரையும் ஆங்காங்கே குழிவிழும். இதற்கு மருந்து வாங்க வேண்டியதில்லை. மழைக்குப் பின் மணல் கலந்த மண்ணை விரற்கடை கனத்துக்குத் தூவி, புல் மேலேறிய பின் மீண்டும் தூவினால் போதும்.

தோட்ட நிலத்தின் தீராத பகை லாலாங். இந்தப் புல், மண்ணுக்குள் ஓடும் தண்டின் ஒரு துண்டிலிருந்தும் துளிர்க்கக் கூடியது. ஆகவே, மண்வெட்டியால் கொத்துவது அதை ஒழிப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடுகிறது. ஈரமண்ணில் முள்கரண்டியால் கிளறி, தண்டை முழுதாக உருவி எடுப்பதும், எஞ்சியவற்றை நிழலால் அமுக்குவதுமே நிலைத்த வழி. களைவெட்டுக் கூட்டத்தில் ஆயுளைக் கழித்த தோட்டத்துப் பெண்கள் இதை நன்கறிந்தவர்கள். அவர்களில் பலர் உறையோ முகக்கவசமோ இன்றித் தெளித்த பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020இல்தான் முழுமையாகத் தடைக்குள்ளானது. வீட்டு முற்றத்தில் அத்தகைய நஞ்சுக்கு இடமே இல்லை.

பராமரிப்பில் மிகுந்த கேடு விளைவிப்பது வெட்டும் முறையே. தோளில் மாட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றைத் தரையோடு சுழற்றி, அடுத்த வெட்டு தள்ளிப் போகட்டும் என்று மொட்டையடிப்பது பேராக் எங்கும் காணப்படுகிறது. ஓடுதண்டு அறுபட்டுச் செம்மண் தெரிந்த இடத்தில் முதலில் குடியேறுபவை தொட்டாற்சிணுங்கியும் கோரையுமே. குளிர்காலம் இல்லாத நாட்டில் புல்லுக்கு ஓய்வுக்காலமும் இல்லையாதலால், கவ் கிராஸை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமலும், ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமலும், ஆண்டு முழுவதும் அடிக்கடி வெட்டி வர வேண்டும். வறண்ட வாரங்களில் நீரைக் காலையில் பாய்ச்சுவது நலம். மாலையில் பாய்ச்சினால் இரவெல்லாம் இலை நனைந்திருந்து பூஞ்சணம் பற்றும்.

புதிதாகப் புல் வாங்கக் கடைக்குப் போகும் முன், அந்த நிலம் முன்பு எப்படி இருந்தது என்பதை அங்கே பால் வெட்டிய, களை பிடுங்கிய முதியவர்களிடம் கேட்டறிய வேண்டுகிறோம். எந்த மேட்டில் கல் கிடக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் இருக்கிறார்கள்.