ஊசிக்கு முன்னால் பட்டியல் வேண்டும்

கோவிட் தடுப்பூசிப் பேச்சு வந்தால், எங்கள் திருவனந்தபுரம் வலியசாலையில் யாரும் ஊசி வலியையோ மறுநாள் வந்த காய்ச்சலையோ சொல்வதில்லை. பதிவு செய்வதற்குப் பட்ட பாட்டைத்தான் சொல்வார்கள். காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள் கொண்ட அக்ரஹாரத் தெருக்கள் இவை. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். எழுபது எண்பது வயதில் பெரியவர்கள் இங்கே தனியாக இருப்பார்கள். ஊசி யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் நிறைந்த இடம். அவர்களிடம்தான் இணையப் பதிவும் ஓடிபியும் கேட்கப்பட்டன.

2021 ஏப்ரல் 6-ஆம் தேதி கேரளத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. எண்பது வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று அந்தத் தேர்தலில் ஏற்பாடு இருந்தது. எங்கள் தெரு மாமி ஒருவர் வீட்டுக்கு அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வந்து, அவர் ஓட்டுப் போட்டதும் உறையிலிட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அதே மாமி ஊசிக்கு எங்கே பெயர் கொடுப்பது என்று தெரியாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஓட்டர் லிஸ்ட்ல என் பேர் இருக்கு. ரேஷன் கார்டுல இருக்கு. பென்ஷன்ல இருக்கு. ஊசிக்கு மட்டும் நான் ஏண்டி புதுசா பேர் கொடுக்கணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்றுவரை சொல்லவும் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்தைத் தாண்டிய எல்லாருக்கும் ஊசி. முதலில் ஆஸ்பத்திரிக்கு நேரே போனாலும் டோக்கன் கிடைத்தது. இரண்டாம் அலை ஏறியதும், கூட்டம் சேரக் கூடாது என்று ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஸ்பாட் ரிஜிஸ்ட்ரேஷனை நிறுத்தி, ஆன்லைன் பதிவு மட்டும் என்று ஆக்கினார்கள். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு ஆன்லைனுக்குப் போனதே தவிர கூட்டம் குறையவில்லை. ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கில் நடந்த பெரிய முகாமில் முதியவர்கள் நெரிசலில் சிக்கித் தவித்த படங்கள் அந்த மாதக் கடைசியில் எல்லாச் செய்திகளிலும் வந்தன.

ஏப்ரல் 28 மாலை பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மத்திய அரசின் கோவின் பதிவுத் தளம் திறந்தது. அந்த ஒரே நாளில் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடு முழுவதும் பதிந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர்களின் கதை அன்றோடு மாறிப்போனது. ஓடிபிக்கு 180 வினாடிதான் ஆயுள். அது வந்து சேரும்போது நேரம் முடிந்திருக்கும். பெயர் பதிவானாலும் ஸ்லாட் கிடைக்காது. பின்கோடு போட்டுத் தேடினால் எல்லா மையத்துக்கும் நேரே 'புக்டு' என்று சிவப்பாகக் காட்டும். எப்போது திறப்பார்கள் என்று சொல்லமாட்டார்கள். எதிர்பாராத ஒரு நேரத்தில் திறக்கும்; கேப்ச்சா எழுத்தைப் பார்த்து அடிப்பதற்குள் மூடிவிடும்.

கணினி தெரிந்தவர்கள் இதற்கு வழி கண்டார்கள். சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் என்ற மென்பொருளாளர், ஸ்லாட் திறந்ததும் டெலிகிராமில் செய்தி அனுப்பும் சேவையை உருவாக்கினார். லட்சக்கணக்கானவர்களுக்கு அது உதவியது, அவர் செய்தது நல்ல காரியம். ஆனால் அந்தச் செய்தி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? எங்கள் ஆரம்ப சுகாதார மையத்தின் ஊசியை நகரத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் பதிந்துகொள்வார். அந்த மையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் மாமாவுக்கு விதுரையிலோ பாறசாலையிலோ இடம் காட்டும். மே 17 முதல் திருவனந்தபுரத்தில் மும்மடங்கு ஊரடங்கு. பஸ் கிடையாது. எழுபத்தெட்டு வயதுக்காரர் எதில் ஏறி விதுரைக்குப் போவார்?

மொழியும் ஒரு சுவராக நின்றது. தொடக்கத்தில் தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் இந்தி, மலையாளம், தெலுங்கு உள்ளிட்ட மொழிகள் வந்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கண்டனம் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். இங்கே பலர் மலையாளம் படிப்பார்கள் என்பதால் ஓரளவு சமாளித்தோம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்து, கல்யாணமாகி நாகர்கோவில் பக்கமிருந்து வந்த பாட்டிமார்களுக்கு மலையாளத் தளம் எந்த விதத்திலும் உதவவில்லை.

கேரளம் இன்னொரு சுமையையும் ஏற்றியது. இணை நோயுள்ள 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு முன்னுரிமை என்ற முடிவு அருமையானது. ஆனால் அதற்கு முதலில் கோவினில் பதிந்து, பிறகு மாநில அரசின் தளத்தில் மறுபடியும் பதிந்து, டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழைக் குறிப்பிட்ட படிவத்தில் ஏற்ற வேண்டும். சிறுநீரக நோயாளி ஒருவர், ஊரடங்கு நேரத்தில், கையெழுத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். நோயைத் தவிர்க்கத்தான் ஊசி. அதைப் பெறுவதற்கே நோய் பரவும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

எங்கள் தெருப் பெரியவர்களுக்கு நான் பதிந்து கொடுத்ததில் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உண்டு. நாளை வேறொரு நோய்க்கு வேறொரு தளம் வந்தாலும் இவை உதவும்.

ஒரு ஃபோன் எண்ணில் அன்று நான்கு பேர்வரை சேர்க்க முடிந்தது. யாருடைய பெயரை எந்த எண்ணில் சேர்த்தோம், அவர்களின் ரெஃபரன்ஸ் எண் என்ன, காட்டிய அடையாள அட்டை எது, முதல் ஊசி என்றைக்கு, கோவிஷீல்டா கோவாக்சினா என்று ஒரு நோட்டில் கையால் எழுதிவையுங்கள். முதல் ஊசிக்குப் பேரனின் எண்ணையும் இரண்டாவதற்கு மகளின் எண்ணையும் கொடுத்த வீடுகளில் இரண்டுமே முதல் டோஸாகப் பதிவாகி, இறுதிச் சான்றிதழ் வராமல் மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள். எங்கள் பக்கத்தில் இது பெரிய சிக்கல். வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். வெளிநாட்டில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவது நல்லது. ஊசி போட்ட இடத்தை விட்டு வருமுன், கணினியில் ஏற்றியாயிற்றா என்று அங்கேயே கேளுங்கள். ஓடிபியை ஃபோனில் கேட்கும் முகம் தெரியாதவருக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள்.

விதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கோவிஷீல்டு இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம் என்று தொடங்கி, மார்ச்சில் ஆறு முதல் எட்டாகி, மே 13-இல் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமானது. ஏற்கெனவே தேதி பெற்றவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு சொன்ன பிறகும் எங்கள் தெருவில் ஒரு தம்பதி திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படி நேர்ந்தால் அங்கே நின்று வாதாடிக் களைக்காமல், கேரளத்தில் 1056 என்ற 'திசா' எண்ணை அழையுங்கள். எங்களுக்குத் தெளிவான பதில் அங்கேதான் கிடைத்தது.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டவர் எங்கள் வார்டின் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, யாருக்குச் சர்க்கரை, யார் தனியாக இருக்கிறார்கள் என்று எந்தத் தளமும் அறியாததை அவர் அறிவார்.

மையத்தில் இருந்த நர்ஸுகள்மீது எனக்குக் கோபம் கிடையாது. கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து பேர் சேரும்வரை அவர்கள் காத்திருக்கச் சொன்னதற்கு அதுதான் காரணம். மே தொடக்கம் வரை கேரளத்துக்கு வந்தவை 73,38,806 டோஸ், போட்டவை 74,26,164. குப்பியில் கூடுதலாக இருந்த துளிகளையும் வீணாக்காமல் எடுத்துப் போட்டதால் வந்த கணக்கு அது. அப்படி உழைத்தவர்களின் வாசலில் நெரிசலைக் கொண்டுபோய் நிறுத்தியது பதிவு முறைதான். ஊசி போதவில்லை என்பது உண்மை. குறைவாக இருக்கும்போதுதான் யாருக்கு முதலில் என்ற வரிசை நேர்மையாக இருக்க வேண்டும். வேகமான இணையம் உள்ளவருக்கு முதலில் என்பது நேர்மையான வரிசை அல்ல.

ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவர்கள் எப்படிப் பதிவார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஜூன் 21-க்குப் பிறகு நேரே போய்ப் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. ஜூலைக் கடைசியில் கேரள அரசு 'வேவ்' என்ற பெயரில், ஆஷாக்கள் மூலம் வார்டு வார்டாக ஏழை வீடுகளுக்குப் போய்ப் பதிவு செய்தது. படுக்கையில் இருந்தவர்களுக்குப் பாலியேட்டிவ் சிகிச்சைக் குழுவினர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார்கள். இதையெல்லாம் செய்ய முடிந்தது என்றால், மார்ச் மாதத்திலேயே செய்திருக்க முடியும்.

மக்களைத் தேடி அரசு வருவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், 1813-இலேயே, அம்மை குத்துவதற்குத் தனித் துறை வந்தது. மக்களின் பயம் போக அரச குடும்பத்தார் முதலில் குத்திக்கொண்டார்கள். நம் காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காரர்கள், முகாமுக்கு வராத குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போய், கதவில் சாக்குக் கட்டியால் குறி போட்டார்கள். எந்தத் தாயும் ஓடிபி சொல்லவில்லை. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது.

வார்டு கவுன்சிலர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: நோய் இல்லாத இப்போதே பட்டியலை எழுதுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், ஃபோன் இல்லாதவர்கள், தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரின் பெயர்கள், அவர்கள் சம்மதத்தோடு, ஆஷாவிடமும் சுகாதார மையத்திலும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் தெருவில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரித்து, உங்கள் வார்டு ஆஷாவிடம் சொல்லுங்கள்.