லயத்து இஸ்தோப்புக்கு அவசர விளக்கு

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளை, பசறை, ஹாலி-எல தோட்டங்களில் மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்து மின்சாரம் தடைப்படுவது சகஜம். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை அறிந்தவர்க்கு, இருளில் முதியோரை வெளியேற்றும் சிரமத்தை விவரிக்க வேண்டியதில்லை.

பல குடும்பங்கள் வசிக்கும் லயத்தின் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பேட்டரி விளக்குப் பொருத்துவோர், அதற்குரிய இணைப்பை, பொது விளக்குக்குச் செல்லும் அதே சுற்றிலிருந்து, ஆனால் சுவிட்சுக்கு முன்பாகவே, நிரந்தரமாக எடுப்பது அவசியம். சுவிட்சுக்குப் பின் எடுத்தால், யாரேனும் பொது விளக்கை அணைத்த மாத்திரத்தில் பேட்டரி விளக்கு அதை மின்தடையென்று எண்ணி எரிந்து, மெய்யான ஆபத்தின்போது பேட்டரி வெறுமையாகக் கிடக்கும். ஒரு வீட்டுப் பிளக்கிலிருந்து இழுப்பதோ, பொதுச்சுற்று மாத்திரம் அற்றுப்போனால் விளக்கை எரியவிடாது; மேலும், யார் மீட்டரில் ஓடுகிறது என்ற சச்சரவும் அநாவசியமாக முளைக்கும்.

தகரக் கூரையின் ஆணித்துவாரத்தில் சொட்டும் நீர் இணைப்புப் பெட்டியில் விழாதவாறு இடம் தேர்ந்து, 230 வோல்ட் வேலையை அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்கி விளக்கு எரிகிறதா என்றும், வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேர விளக்காயின் அந்த மூன்று மணியும் தாக்குப்பிடிக்கிறதா என்றும் பரீட்சித்து, திகதியைச் சுவரிலேயே குறித்து வைக்கலாம்.