கேம் போட்டால் கம்ப்யூட்டர் ஏன் ஆஃப் ஆகிறது?



எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பதால் கார் ரேஸ் கேம் நன்றாக ஓடும். கோடை லீவில் ஒருநாள் நான் விளையாடும்போது பட்டென்று ஆஃப் ஆகி, தானாகவே மறுபடி ஆன் ஆனது. அதிலிருந்து கேம் போட்டால் பத்து நிமிஷம்தான்.

"நீதான் எதையோ நோண்டிட்ட" என்று எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். டவுனில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, 7,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிட்டாங்க. அண்ணன் எடைக்குப் போட்டுவிடலாம் என்றான். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த வாரத்தில் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேம் போட்டால் மட்டும் ஏன்?

பாட்டு கேட்டால், டைப் அடித்தால் ஒன்றும் ஆகவில்லை. கேம் ஓடும்போதுதான் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து முழு வேகத்தில் வேலை செய்கின்றன. கரண்டும் அதிகம் இழுக்கும், சூடும் அதிகம் ஆகும். நடக்கும்போது தெரியாத முட்டிவலி ஓடும்போது தெரிகிற மாதிரிதான் இதுவும்.

அறிகுறிகள்

* எதுவும் காட்டாமல் பட்டென்று ஆஃப் ஆனால்: சூடு அல்லது பவர் சப்ளை.
* நீலத் திரையில் எழுத்து வந்தால்: ரேம் அல்லது டிரைவர் சாஃப்ட்வேர்.
* திரையில் கலர் புள்ளி, கோடு வந்தால்: கிராபிக்ஸ் கார்டு.
* உறைந்து நின்று, உள்ளே டக் டக் சத்தம் கேட்டால்: ஹார்டு டிஸ்க். முதலில் போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

இவை ஊகம் மட்டும்தான். சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிவியல் டீச்சர் சோதனைக்குச் சொல்லும் விதிதான் இங்கேயும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. எத்தனை நிமிஷத்தில் ஆஃப் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

சோதனை 1: சூடு

வெப்பநிலை காட்டும் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ஆஃப் ஆகும் முன் ப்ராசஸர் 94 டிகிரி செல்சியஸ்! பல ப்ராசஸர்கள் ஏறக்குறைய 100 டிகிரி வந்தால் கருகாமல் இருக்கத் தாமாகவே நின்றுவிடும். பெட்டியைத் திறந்தால் ஃபேனுக்கு அடியில் பஞ்சு மெத்தை போலத் தூசி. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைத்தேன். ப்ராசஸருக்கும் அதன் மேலுள்ள அலுமினியக் கட்டைக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற பசை உண்டு. அது காய்ந்துவிட்டால் சூடு மேலே ஏறாது. பழையதை வழித்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தோம். இப்போது 71 டிகிரிதான். ஆனாலும் 20 நிமிஷத்தில் ஆஃப்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன், 71 டிகிரியில் ஆஃப் ஆகிறது என்றால் காரணம் ப்ராசஸர் சூடு மட்டும் இல்லை.

சோதனை 2: ரேம்

இரண்டு ரேம் இருந்தது. கழற்றி, மஞ்சள் நிறக் காலை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இதில் ஒரு பிழை வந்தாலும் ரேமை நம்பக்கூடாது. எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை.

சோதனை 3: எஸ்.எம்.பி.எஸ்.

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அதை 12, 5, 3.3 வோல்ட் ஆக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த் மாதிரி பொது வயர். 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழே போகக்கூடாது, 12.6க்கு மேலே ஏறக்கூடாது.

எங்கள் தெரு டிவி மெக்கானிக் மாமா மல்டிமீட்டரோடு வந்தார். சும்மா இருக்கும்போது 11.8. கேம் போட்டதும் 11.3, 11.1... பட்டென்று ஆஃப். "பாப்பா, உன் மதர்போர்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சோறு பத்தல" என்று மாமா சிரித்தார்.

அவர் கடையில் இருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒரு நாள் இரவல் கொடுத்தார். கேம் இரண்டு மணி நேரம் ஓடியது. உறுதி செய்வதற்காகப் பழையதை மறுபடி மாட்டினோம். 18 நிமிஷத்தில் ஆஃப். இனி சந்தேகமே இல்லை. புதியது 1,900 ரூபாய். மீதி 5,100 ரூபாய் அண்ணனுக்கு மிச்சம்.

என் தப்பும் உண்டு

தூசி படக்கூடாது என்று அம்மா தைத்த துணி உறையைக் கம்ப்யூட்டர் ஓடும்போதும் நான் எடுக்கவே மாட்டேன். காற்று போக வழியில்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று மாமா சொன்னார். ஆகவே என்னைத் திட்டியதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டேன். "சரி, இனிமே பெட்டியைத் திறக்கறது உன் வேலை" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டான்.

கவனம்!

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்கவும்.
2. உள்ளே தொடும் முன் பெட்டியின் இரும்பைத் தொடவும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்.
3. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் ஆபத்தான கரண்ட் தங்கியிருக்கும்.
4. ஓடும்போது வோல்ட் பார்ப்பதைத் தெரிந்த பெரியவர்தான் செய்ய வேண்டும்.

தோழிகளே, தோழர்களே! யாராவது "போச்சு" என்று சொன்னால், "எது போச்சு, எப்படித் தெரியும்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.



9-ஆம் வகுப்பு மாணவி