மன்னாரில் இருந்துகொண்டே படிக்கலாம்

அன்புள்ள தம்பி,

மனநல மருத்துவ அதிகாரிக்கான மூன்று மாதப் பயிற்சியை முடித்து மன்னாருக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர். "இங்கே இருந்தால் படிப்பு நின்றுபோகுமோ" என்றும் கேட்டிருந்தீர். அந்தப் பயம் நியாயமானது. கருத்தரங்குகளும் பேராசிரியர்களும் பட்டப்பின் படிப்பும் கொழும்பில். யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றாலும் பூநகரி வழியே நூறு கிலோமீற்றருக்கு மேல். கிளினிக் நாளை விட்டுவிட்டு அடிக்கடி ஓட முடியாது. ஆனாலும் சொல்கிறேன், தனியாகப் படிக்க நினைத்தால்தான் உமக்கு இங்கே படிப்பு நிற்கும். தாதி, மருத்துவ மாது, மருந்தாளர், வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு படித்தால் நிற்காது. மனநல மருத்துவத்தில் உம் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இந்த மாவட்டத்தில் அநேகருக்கு உதவப்போவதில்லை.

ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கத்துச் சனம் கையில் கிடைத்ததோடு புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போய் இருபது வருஷம் அங்கேயே கிடந்தது. அப்படி இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்தவர்களில் 450 பேரை, செஸ்மால் சிறிவர்தன என்ற இளம் ஆய்வாளரின் குழு 2011இல் ஆராய்ந்தது. நூற்றுக்கு 18.8 பேருக்கு ஏதோ ஒரு பொதுவான மனநோய் இருந்தது. கவனியும்: போருக்குப் பிந்திய மனவடு நோய் என்று நாம் எல்லா மேடையிலும் பேசுவது 2.4 வீதம்தான். உடல் நோவாக வெளிப்படும் மனத்துயர் 14 வீதம். அப்படி உடல் நோவோடு ஊர் திரும்பிய ஆள் உம்முடைய கிளினிக் கதவைத் தட்டமாட்டார். நெஞ்சு எரிவு, தலை விறைப்பு, உடம்பு உளைவு, பெருமூச்சு என்று ஓபிடி வரிசையில் நிற்பார். இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று ஒமிப்ரசோலும் விற்றமினும் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த மாதமும் வருவார். அங்கே இருக்கிற வைத்தியர் "நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் என்ன பாடு" என்று இரண்டு நிமிஷம் கேட்கப் பழகாவிட்டால் உம்முடைய பயிற்சி முழுவதும் அந்த நோயாளிக்கு இல்லாததுபோலத்தான்.

அடுத்து, இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம். இதைக் கொஞ்சம் விரித்தே எழுதவேண்டும், ஏனென்றால் மன்னார்க் கரையில் இந்த மருந்துக்கு வேறு எங்கும் இல்லாத கவனம் தேவை. மருந்து வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. லீற்றருக்கு 0.6இலிருந்து 1.0 மில்லிமோல் வரை நல்லது, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், அளவு மாற்றாமல் குடித்த அதே குளிசை இரத்தத்தில் ஏறிவிடும். இருமுனை மனநோய் உள்ள ஒரு கடற்றொழிலாளியை நினைத்துப்பாரும். பேசாலையிலோ வங்காலையிலோ இருந்து இரவில் கடலுக்குப் போய், மறுநாள் வெயிலில் வலை தெரிந்து, வியர்வையாய்க் கொட்டுகிறார். இடுப்பு நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறார். அதுவும் லித்தியத்தை ஏற்றும். இரண்டு நாளில் கை நடுங்கும், சத்தி வரும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். கரையில் நிற்பவர்கள் குடித்திருக்கிறார் என்று சொல்லி வீட்டில் படுக்கவைப்பார்கள். நோன்பு காலத்தில் பகல் முழுவதும் தண்ணீர் குடியாத நோயாளிக்கும் இதே ஆபத்து உண்டு. ரமழான் தொடங்க முன்னமே கூப்பிட்டுப் பேச வேண்டும், தேவையென்றால் மௌலவியையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நோய் உள்ளவருக்கு நோன்பில் விலக்கு உண்டென்பதை அவர் சொன்னால் குடும்பம் கேட்கும்.

இந்தப் பாடத்தை நீர் மட்டும் தெரிந்து என்ன பயன்? நோவுக்குப் பனடோல் போதும் என்று சொல்லவேண்டியவர் மருந்தாளர். கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் இரத்தம் எடுக்கவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவர் தாதி. தள்ளாடுகிற மனிதரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியவர் அவருடைய மனைவி. குளோசப்பின் மருந்து எடுப்பவருக்கு வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பதும், காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் அதே நாளில் இரத்தம் பார்ப்பதும் இதே வகைப் பாடம்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன; முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2019இல் வந்த காபன் பரிசோதனை அவை சில நூற்றாண்டுகள் பழையவை என்றது. அந்த முடிவைக் குடும்பங்கள் இலகுவில் ஏற்கவில்லை. அந்த மாதங்களில் மன்னார்த் தாய்மார் எத்தனை பேர் நித்திரையில்லாமல் கிடந்திருப்பார்கள்! அப்படி ஒரு தாய் உம்மிடம் வந்தால் அவசரப்பட்டு நோய்ப்பெயர் எழுதாதேயும். "மகன் செத்துப்போனான், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. துயரத்துக்கென்று டயசிபாம் எழுதுவதை உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் குளிசையைக் கொடுப்பதுதான் நம்மவர்களுக்கு இன்னும் கைவந்த பழக்கம். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மரணச் சான்றிதழ் கேட்காமலே காணாமற்போனமைச் சான்றிதழ் பெறலாம் என்பதும் உமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில தாய்மாருக்கு அந்தத் தகவல் மருந்தைவிட உதவும்.

கோயிலையும் தர்காவையும் எதிராளியாக நினையாதேயும். மடுமாதாவிடம் நோயாளியைக் கொண்டுபோவது எம் சனத்தின் வழக்கம். நமக்கு நேரே அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6 அதிகாலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றி எரிந்து செத்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு தர்காவை மூடவில்லை. துவாவோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று 2013இல் அங்கேயே மருத்துவத்தைக் கொண்டுபோய் வைத்தது. நம் பங்குத் தந்தையரோடும் மௌலவிமாரோடும் ஐயர்மாரோடும் நீர் அப்படிப் பேசவேண்டும். வீட்டுக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஆளை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்.

இனி, எப்படித் தொடங்குவது? மாதத்தில் ஒரு பிற்பகல் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் எம்எச்காப் கைநூல், மனநல நிபுணர் அல்லாதவர்களுக்கென்றே 2010இல் எழுதி 2016இல் புதுப்பித்தது, இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதில் ஒரு பகுதி, உங்கள் கிளினிக்கிலிருந்து ஒரு நோயாளியின் கதை. பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றிவிட்டே பேசவேண்டும். சின்ன இடம், எருக்கலம்பிட்டி மிஸ்ஸிக்குப் பேசாலை நோயாளியின் மாமியைத் தெரிந்திருக்கும். மருத்துவ மாதுக்களை முதல் வரிசையில் உட்காரவையும். பிள்ளை பெற்ற தாயிடம் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்கப்போவது அவர்கள்தான். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஓம்" என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை அவர்கள் வாயால் சொல்லிப் பழகவேண்டும். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமில்லை என்பதையும் அங்கேயே சொல்லும். பொலிசுக்குப் பயந்து நஞ்சு குடித்ததை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கூட்டத்தைத் தமிழில் நடத்தும். போர் நடந்துகொண்டிருந்தபோதே பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்து 'மனவடு'வைத் தமிழில் எழுதினார். ஊர்மட்டப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். மின்சாரமும் மருந்தும் தட்டுப்பாடான காலத்தில் அவரால் முடிந்தது.

மனநல மருத்துவ டிப்ளோமாவுக்கும் விண்ணப்பியும். ஒரு வருஷப் படிப்பு. போனால் நல்லது, திரும்பி வந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற மாதம் முதற் கூட்டத்தைக் கூட்டும். நாலு பேர் வந்தாலும் நடத்தும். முதல் தலைப்பாக லித்தியத்தை எடும், மருந்தாளரைப் பேசச் சொல்லும். திகதியை எனக்கு எழுதும், நானும் வந்து பின்வரிசையில் இருக்கிறேன்.

அன்புடன்,
உம்முடைய மூத்த சகபாடி