லாடம் கற்பிக்கும் கணக்கு

நேரலிலிருந்து மாதேரான் செல்வோர் தஸ்தூரி முனையில் தம் காரை நிறுத்தியாக வேண்டும். அதற்கப்பால் குதிரைகள் பயணிகளைச் சுமக்கின்றன. அக்குதிரைகளின் கால்களைக் காப்பவர் லாடம் அடிப்பவர். அவரது தொழிலிலிருந்து நாம் கற்கத்தக்க கணக்கு ஒன்று உண்டு.

குதிரையின் குளம்பு மாதம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, அரத்தால் சமன்செய்து, மீண்டும் லாடம் பொருத்த வேண்டும். ஆணி உணர்வற்ற வெளிச்சுவரில் மட்டுமே இறங்கலாம். சற்று உள்ளே சென்றாலும் குதிரை நொண்டும்.

30 குதிரைகளை 5 வாரச் சுழற்சியில் கவனிப்பவருக்கு வாரம் 6 குதிரைகளின் வேலை கிடைக்கும். கூலியிலிருந்து லாடம், ஆணி, பயணம் ஆகியவற்றின் செலவைக் கழித்து எஞ்சுவதே வருமானம்.

அவ்வருமானமும் சீரானதன்று. மழைக்காலத்தில் மாதேரானில் பயணிகள் குறைவர். மகாலட்சுமியில் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயங்கள் புனேக்கு நகரும். 2015இல் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அவற்றை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அடுத்த வேலை ஏது?

நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று:

1. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிராமை.

2. பருவ வருவாயில் ஒரு பங்கைத் தொடர் வைப்பில் சேர்த்தல்.

3. கருவிகள் வாங்க முத்ரா போன்ற கடன் பெறுமுன், தவணையை நல்ல மாத வருவாயைக் கொண்டன்றி, மழைக்கால வருவாயைக் கொண்டு கணக்கிடுதல்.

தவணையும் ஆணியைப் போன்றதே: தாங்கும் இடத்தில் இறங்கினால்தான் நடை தளராது.